முகம் தெரிய வேண்டுமா, தெரு தெரிய வேண்டுமா? – கண்காணிப்புக் கேமரா கேள்வி பதில்

கேமரா பொருத்தும் தொழிலில் இருக்கிறேன். வந்த கேள்விகளில் பாதி, ‘எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம்?’ என்பதுதான். அதற்கான பதில் முதல் கேள்வியிலேயே இருக்கிறது.

ஈரோட்டில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கல்லாவில் பணம் போனது. 5 மெகாபிக்சல் கேமரா இருந்தும் ஆளின் முகம் தெரியவில்லை. ஏமாற்றிவிட்டார்களா அண்ணா?

ஏமாற்றவில்லை தம்பி, லென்ஸ் பொருந்தவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் கடை முழுவதும், வாசலில் நிற்கும் வண்டிகள் உட்பட, தெரிகிறது. 2.8 மி.மீ. லென்ஸ் அப்படித்தான் காட்டும். அதன் பார்வை நூறு டிகிரிக்குப் பக்கம்.

முன்பின் தெரியாத ஒருவரைப் படத்திலிருந்து அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் (படப் புள்ளி) வேண்டும் என்பது 2014 இல் வந்த சர்வதேசத் தரம் சொன்ன கணக்கு. ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் 125 போதும். 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். 250 ஆல் வகுத்தால் ஏழரை மீட்டர் சொச்சம். 2.8 லென்ஸ் மூன்று மீட்டர் தூரத்திலேயே அவ்வளவு அகலத்தைப் பிடித்துவிடுகிறது. அதைத் தாண்டி நிற்பவர் வெறும் உருவம்தான்.

5 மெகாபிக்சலுக்குப் போனால்? எண் இரண்டரை மடங்கு, ஆனால் படத்தின் அகலம் 2592 பிக்சல் அளவில்தான் இருக்கும். மூன்று மீட்டர் நான்காகும், அவ்வளவே. அதே பணத்தில் 6 மி.மீ. லென்ஸ் போட்டிருந்தால் பார்வை குறுகி, முகம் தெரியும் தூரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கும்.

உயரம் இன்னொரு தவறு. கூரையை ஒட்டி மாட்டினால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதிவாகும். கடை முழுவதற்கும் ஒரு அகலக் கேமரா போதும். இரண்டாவதை வாசலுக்கு உள்ளே, ஏழெட்டு அடி உயரத்தில், வெளியேறுபவரின் முகத்துக்கு நேராக வையுங்கள். பகலில் வாசலின் பின்னே வெயில் அடிக்கும். முகம் கரியாகிவிடாமல் இருக்க, வெயிலும் நிழலும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியவைக்கும் டபிள்யூ.டி.ஆர். வசதி நிஜமாகவே உள்ள கேமராவாகப் பாருங்கள். சில மலிவு வகைகளில் ‘டிஜிட்டல் டபிள்யூ.டி.ஆர்.’ என்று போட்டிருப்பார்கள். அது, படம் எடுத்த பிறகு அதை வெளுப்பாக்கும் வேலை மட்டுமே.

ஓய்வு பெற்ற ஆசிரியை, நாகர்கோவில். இரவில் படம் முழுவதும் வெள்ளைக் கோடுகள் ஆடுகின்றன. கேமரா பழுதா?

சிலந்தி வலை அம்மா. கேமராவின் விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். வாரம் ஒருமுறை ஒட்டடைக் கோலால் தட்டிவிடுங்கள். முடிந்தால் கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டு, சற்றுத் தள்ளி ஒரு வாசல் விளக்கு போடுங்கள். பூச்சிகள் அங்கே போய்விடும், படமும் வண்ணத்தில் வரும்.

வைஃபை கேமராவா, கேபிளா?

கேபிள். வைஃபை கேமராவுக்கும் மின்சாரம் கொடுக்க ஒரு ஒயர் இழுக்கத்தானே வேண்டும்? பி.ஓ.இ. முறையில் ஒரே நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் 100 மீட்டர் வரை போகும். வாடகை வீடு, சுவரைத் துளைக்க விடமாட்டார்கள் என்றால் மட்டும் வைஃபை. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு உள்ளே நுழைபவர்களும் உண்டு, ஆகவே யு.பி.எஸ். அவசியம்.

நான்கு கேமராவுக்கு எவ்வளவு ஹார்ட் டிஸ்க்?

ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்பினால் நாளுக்கு 43 ஜி.பி. நான்கு கேமரா, முப்பது நாள்: 5 டி.பி.க்குச் சற்று மேல். படத்தை இன்னும் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறையில் பதிந்தால் ஏறத்தாழ பாதியாகக் குறையும். ஒரு வாரப் பதிவு போதும் என்று சொல்பவர்கள் உண்டு. பீரோவில் இருந்த நகை காணாமல் போனது, அடுத்த கல்யாணத்துக்கு எடுக்கும்போதுதானே தெரிகிறது? பழைய கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க்கைக் கொண்டு வந்து கொடுக்காதீர்கள். இரவு பகலாக எழுதுவதற்கென்றே தனி டிஸ்க் விற்கிறார்கள்.

இணையத்தில் பாதி விலைக்குப் பெயர் தெரியாத கேமரா கிடைக்கிறதே, வாங்கலாமா?

2016 இல் ‘மிராய்’ என்ற தீநிரல் (வைரஸ் போன்ற கெட்ட மென்பொருள்), தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் (படத்தைப் பதிவு செய்யும் பெட்டிகள்) லட்சக்கணக்கில் வசப்படுத்தி, பெரிய இணையதளங்களையே முடக்கியது. அந்தக் கேமராக்களின் உரிமையாளர்களில் பலருக்கு அது தெரிந்தே இருக்காது. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயம். கடைக்காரரிடம் அதைக் கேளுங்கள்; மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். நல்ல கேமராவே வாங்கினாலும், பொருத்திய ஆள் வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். நான் பொருத்தியிருந்தாலும்தான்.

பக்கத்து வீட்டுக் கேமரா எங்கள் கொல்லைப்புறத்தைப் பார்க்கிறது, சார்.

முதலில் நேரில் பேசுங்கள். படத்தின் ஒரு பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி பெரும்பாலான கேமராக்களில் உண்டு. ஐந்து நிமிட வேலை. அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

பதிவை நீதிமன்றம் ஏற்குமா?

ஏற்கும், முறையாகக் கொடுத்தால். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63 ஆம் பிரிவுப்படி, பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் எண்ணுடன் சான்றிதழ் தர வேண்டும். கைப்பேசியால் திரையைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மூலப் பதிவு தானாக அழியும்வரை சும்மா இருந்துவிடுகிறார்கள். சம்பவத்தன்றே பென் டிரைவில் நகல் எடுங்கள், டிஸ்க்கையும் பத்திரப்படுத்துங்கள். டி.வி.ஆரின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போது தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும்.