இன்னும் ஏழு வாரம்தானே?

அம்மா, நீங்கள் அனுப்பிய நீளமான செய்தியை இரண்டு முறை படித்தேன். கல்லூரிப் படிப்புக்காக ஒரு கம்பெனியில் இன்டர்ன்ஷிப் செய்யும் உங்கள் மகளிடம் அவள் டீம் லீட் பேசிய பேச்சு எனக்குப் புதிது இல்லை, அதே பேச்சை வேறு வேறு பிள்ளைகள் வாயால் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, 'இன்னும் ஏழு வாரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடு என்று சொல்லியிருக்கிறேன், சரிதானே சார்' என்று, அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது.

சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இப்போதெல்லாம் 'டாக்சிக்', அதாவது நச்சு மாதிரி வேலைச் சூழல், என்ற சொல்லைப் பிள்ளைகள் எடுத்ததற்கெல்லாம் சொல்கிறார்கள், அதனால் அந்தச் சொல்லோடு யார் வந்தாலும் நான் உடனே தலையாட்டுவதில்லை. போன வருடம் ஒரு பையன் வந்தான், அவன் எழுதிய புரோகிராமை மேனேஜர் ஒன்பது முறை திருப்பி அனுப்பிவிட்டாராம், டாக்சிக்காம். ஒன்பது முறையும் எந்த வரியில் தப்பு, ஏன் தப்பு என்று எழுதி அனுப்பியிருக்கிறார் மனிதர். அப்படி ஒருத்தர் கிடைப்பதற்குக் காசு கொடுக்கலாம், பேசாமல் போய் உட்கார் என்று திருப்பி அனுப்பினேன். உங்கள் மகள் கதை அப்படி இல்லை. அவள் வேலையில் என்ன குறை என்று ஐந்து வாரமாக ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் 'உனக்கெல்லாம் எவன் மார்க் போட்டான்' என்று இருபது பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் இரவு பதினொன்றரைக்குப் போட்டிருக்கிறார்கள். மாதம் எட்டாயிரம் என்று சொன்ன ஸ்டைபண்ட், அதாவது பயிற்சிக்கால உதவித்தொகை, வரவில்லை, கேட்டால் 'கத்துக்கத்தானே வந்தே' என்று பதில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிரட்டுகிறது என்கிறாள், தங்கியிருக்கும் பிஜி விடுதியில் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் இதில் அவள் எதைக் கற்றுக்கொள்ளப் போகிறாள்?

நீங்களும் அவளும் பயப்படுவது ஒரு காகிதத்துக்காக. நடுவில் வந்தால் சர்டிபிகேட் தர மாட்டார்கள், சர்டிபிகேட் இல்லாவிட்டால் கல்லூரியில் இதற்கான பாடப் புள்ளி, கிரெடிட், போகும், கிரெடிட் போனால் வேலை போகும், இப்படி ஒன்றன் பின் ஒன்றாக. அந்த டீம் லீடுக்கும் இது தெரியும், அதனால்தான் பேச முடிகிறது. உண்மையில் அந்தக் காகிதம் கல்லூரிக் கோப்புக்குத்தான் பெரிதாக வேண்டும். வேலைக்கு எடுப்பவர் 'அங்கே என்ன செய்தாய், எப்படிச் செய்தாய்' என்றுதான் கேட்பார், இவ்வளவு வருடத்தில் ஸ்டாம்ப் ஒட்டிய சர்டிபிகேட்டை வாங்கி நிதானமாகப் படித்த இன்டர்வியூக்காரரை நான் பார்த்ததில்லை. கல்லூரிக் கோப்பு விஷயத்தைக் கல்லூரியில்தான் பேச வேண்டும், அதற்கு வழி இருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு பையனிடம் நான் 'இரு, முடித்துவிட்டு வா' என்று சொன்னேன். இருந்தான், முடித்தான், சர்டிபிகேட்டும் வாங்கினான். அப்புறம் கிட்டத்தட்ட ஒரு வருடம் எந்த இன்டர்வியூவுக்கும் போய் உட்கார அவனால் முடியவில்லை, போன் அடித்தாலே கை நடுங்கியது. அவன் அம்மா என்னைக் குறை சொல்லவே இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஆபர் லெட்டர், ஸ்டைபண்ட் பற்றி வந்த மெயில், அவளைப் பெயர் சொல்லித் திட்டிய செய்திகளின் ஸ்கிரீன்ஷாட், எந்த நாள் எத்தனை மணிக்கு அலுவலகத்திலிருந்து கிளம்பினாள் என்ற குறிப்பு, இவ்வளவையும் அவள் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கட்டும். ஆத்திரத்தில் கம்பெனியின் புரோகிராம் கோடு, கிளையண்ட் பைல் எதையும் தன் ஜிமெயிலுக்கு அனுப்பிக்கொள்ளக் கூடாது, இதை அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் அது ஒன்று போதும், இவள் மேலேயே திருட்டுப் பழி வந்துவிடும். பிறகு கல்லூரியில் துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி.க்கும் பிளேஸ்மென்ட் ஆபீசருக்கும் ஒரே மெயில், அவள் பெயரில், அவளே எழுத வேண்டும். 'டாக்சிக்' என்ற சொல்லே வேண்டாம், அழுதேன், தூக்கமில்லை என்றும் வேண்டாம். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, வராத தொகை, அவ்வளவுதான். கடைசியில் ஒரு கோரிக்கை: முடித்த ஐந்து வாரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு மீதியை வேறு இடத்திலோ துறையின் புராஜெக்டாகவோ முடிக்க அனுமதி வேண்டும். விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும், எல்லோரும் உடனே சரி என்று சொல்லிவிடுவார்கள் என்று நான் உறுதி தர மாட்டேன், ஆனால் தேதியோடு வரும் மெயிலை ஒதுக்கித் தள்ளுவது எந்தத் துறைக்கும் சுலபம் இல்லை. கம்பெனிக்கும் இரண்டு வரி போதும், இன்ன தேதியோடு நிற்கிறேன், வேலை செய்த நாட்களுக்குக் கடிதமும் ஸ்டைபண்டும் தாருங்கள் என்று.

நடுவில் போனால் ஐம்பதாயிரம் கட்ட வேண்டும் என்று ஏதோ கையெழுத்து வாங்கியிருப்பதாகச் சொன்னீர்கள். அதை போட்டோ எடுத்து ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், ஆனால் அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் எந்தத் தொகையை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும், எழுதிய தொகை அப்படியே கிடைத்துவிடாது, அதிலும் சொன்ன ஸ்டைபண்டையே கொடுக்காதவர்கள் கேட்டால் அவர்கள் பக்கமும் கேள்வி வரும். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கேட்டார்களாமே, கொடுத்துவிட்டாளா? கொடுத்திருந்தால் முதலில் அதை வாங்கச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கத்துவதற்கும் அவமானப்படுத்துவதற்கும் என்று இன்டர்ன்களுக்குத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை, அதனால் பெரிய வழக்கு போட்டு அவர்களைக் கோர்ட்டில் நிறுத்தலாம் என்று நான் ஆசை காட்டவில்லை. ஆனால் அந்த டீம் லீட் உடலைப் பற்றியோ உடுப்பைப் பற்றியோ ஏதாவது சொன்னானா, தேவையில்லாமல் கிட்டே வந்தானா என்று தனியாக, அப்பா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, மெதுவாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் கதையே வேறு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் வாங்காத பயிற்சி மாணவிக்கும் பொருந்தும். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு. நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம், அதனால் நாள் கடத்தாதீர்கள்.

அடுத்த இன்டர்வியூவில் கேட்டால் என்ன சொல்வது என்று அவள் இப்போதே கவலைப்படுவாள். 'ஐந்து வாரம் இருந்தேன், இன்ன இன்ன வேலை செய்தேன், சொன்ன ஸ்டைபண்ட் வரவில்லை, கற்றுக்கொடுக்கவும் ஆளில்லை, கல்லூரிக்குத் தெரிவித்துவிட்டு விலகினேன்' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளட்டும். டீம் லீட் புராணம் வேண்டாம், லிங்க்ட்இன்னில் பெயர் போட்டு எழுதுவதும் இப்போதைக்கு வேண்டாம். படிப்பு முடித்த பிறகு நிறுவனத்தில் பயிற்சி எடுக்க ஆசையிருந்தால் 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் இடங்களைப் பார்க்கலாம். அதில் பதிவு செய்த ஒப்பந்தமும் குறைந்தபட்ச ஸ்டைபண்டும் உண்டு, தென்மண்டலத்துக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியிலேயே இருக்கிறது. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

இன்று இரவே பஸ்ஸில் டிக்கெட் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாள் எதுவும் கேட்காதீர்கள், மாமா சித்தி யாராவது 'என்ன, பாதியிலேயே வந்துட்டியா' என்று ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுங்கள், தூங்கட்டும். அதற்குப் பிறகும் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸுக்குப் போட்டுப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. மெயிலை அவள் எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள், எத்தனை மணியானாலும் பரவாயில்லை, பார்க்கிறேன்.