வம்சாவளி தேடுவோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, குடும்ப வரலாறுகளைத் திரட்டும் சிறிய கழகமொன்றைத் தொடங்க எண்ணியுள்ளோம். எதிலிருந்து தொடங்கலாம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, உரும்பிராய்

பதில்: ஊர் வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கும், ‘கல்வெட்டு’ எனப்படும் நினைவு நூல்களிலிருந்து தொடங்குங்கள். அந்தியேட்டி என்னும் ஈமக்கிரியை நாளில் உறவினருக்கு வழங்கப்படும் இச்சிறு நூல்களில் தேவாரங்களோடும், இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவோடும் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பும், பல வேளைகளில் மூன்று நான்கு தலைமுறைகளுக்கான வம்சாவளியும் அச்சாகியிருக்கும். குறைந்த பிரதிகளே அச்சிடப்படுவதால், வீடு மாறும்போதும் பழைய தாள்களை எரிக்கும்போதும் இவை முற்றாக அழிந்துவிடுகின்றன. கழகத்தில் ஒருவர் வீடு வீடாகச் சென்று கேட்டு வாங்கி, படமெடுத்து, அன்றே திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றாலே பெரும்பணி நடந்துவிடும்.

அடுத்தது பத்திரிகைகளில் வரும் மரண அறிவித்தல். ஓர் ஊரைப் பிறப்பிடமாகவும் இன்னோர் ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, ‘காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் மைத்துனியும்’ என்று நீளும் அந்த ஒற்றை வாக்கியத்தில் இரு குடும்பங்களின் இரண்டு மூன்று தலைமுறைகள் அடங்கியுள்ளன. ஆயினும் ‘மைத்துனர்’ என்பவர் சகோதரியின் கணவரா, வாழ்க்கைத் துணையின் சகோதரரா என்பதை அறிவித்தல் சொல்லாது. அதனை உயிரோடிருக்கும் உறவினர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எந்தக் கல்வெட்டில், எந்தக் காணி உறுதியில் (பத்திரத்தில்), யார் வாய்மொழியில் கிடைத்தது என்று எழுதாத கழகம், பத்து ஆண்டுகளின் பின்னர் தான் திரட்டியதைத் தானே நம்ப முடியாத நிலைக்கு வந்துவிடும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

திரட்டியவற்றை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் போயின. படமெடுத்தவற்றில் ஒரு தொகுதி ஊர் வாசிகசாலையிலும் ஒன்று வெளியூரிலுள்ள உறுப்பினரிடமும் இருக்கட்டும். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களோடு நினைவு மலர்களையும் எண்ணிம வடிவில் பேணி வருகிறது; உரியவர்களின் சம்மதத்தோடு அங்கும் ஒன்று சேரட்டும். கொழும்பில் 1908இல் தொடங்கப்பட்ட, ஒல்லாந்தர் வழிவந்தோரின் டச்சுப் பறங்கியர் சங்கம் தன் உறுப்பினரின் வம்சாவளிகளைத் தன் சஞ்சிகையிலேயே தொடர்ந்து அச்சிட்டதால்தான் அவை இன்றும் கைக்கெட்டுகின்றன. நம்மவர் பின்பற்றத்தக்க வழி அது.

வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் பிறந்த தேதியையும் முகவரியையும் வெளியிடாதீர்கள். காணி வழக்கில் இருக்கும் உறுதிகளைக் கூட்டத்தில் காட்டாதீர்கள். சாதிப் பெருமை பேசுவதற்கு உங்கள் கழகத்தை எவரும் பயன்படுத்த இடமளியாதீர்கள். ஊரின் எல்லாக் குறிச்சிகளிலிருந்தும் (பகுதிகளிலிருந்தும்) உறுப்பினர் சேராவிட்டால் அது ஊர்க் கழகமாகாது.

கேள்வி: தந்தை வழியில் ஐந்து தலைமுறைப் பெயர்கள் தெரியும். தாய் வழியிலோ அம்மம்மாவோடு நின்றுவிடுகிறது. மேலே செல்ல வழியுண்டா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: உண்டு. அந்த வழி உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியிலேயே இருக்கக்கூடும். தந்தையின் பெயர் முதலெழுத்தாக நம்மோடு வருகிறது. தாயின் தாய் யார் என்பதோ பெயரில் எங்கும் தங்குவதில்லை. ஆனால் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின்படி தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கே சென்றது. சட்டம் பின்னர் பலவாறு மாறியபோதும், வீட்டையும் வளவையும் மகளுக்கே எழுதும் வழக்கம் நிலைத்தது. ஆகவே யாழ்ப்பாணத்தில் பெண்வழியைத் தேடுபவர் ஆட்களைத் தேடுவதைவிடக் காணியைத் தேடுவது நல்லது. உங்கள் அம்மம்மா குடியிருந்த வளவின் சீதன உறுதியை எடுத்துப் பாருங்கள்.

காணியின் பெயர், பரப்புக் கணக்கு, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை ஆகியவற்றோடு, அக்காணி எழுதிக்கொடுப்பவருக்கு எவ்வாறு உரித்தானது என்பதும் அதில் கூறப்பட்டிருக்கும். ‘எனது தாயாரின் சீதன உறுதிப்படி உரித்தாகி ஆண்டனுபவித்து வரும்’ என்பது போன்ற தொடரைக் கண்டால் அங்கே நில்லுங்கள். அதையொட்டி முந்திய உறுதியின் இலக்கம், தேதி, எழுதிய நொத்தாரிசின் (உறுதி எழுதும் சட்ட அலுவலரின்) பெயர் ஆகியன இருக்கும். அவற்றைக் கொண்டு அந்த முந்திய உறுதியைத் தேடினால், அது அதற்கும் முந்தியதைக் காட்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் காணிக் கைமாற்றங்களை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுத வேண்டுமென விதித்தது. ஆகையால் பல குடும்பங்களில் இவ்வாறு பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்லலாம்.

உறுதியில் உள்ள காணி எல்லைகளையும் ஊன்றிப் படியுங்கள். கிழக்கிலும் வடக்கிலும் காணியுள்ளவர்களாகக் குறிக்கப்படும் பெண்கள், ஒரே பெரிய வளவைப் பிரித்துச் சீதனமாகப் பெற்ற சகோதரிகளாக இருப்பதுண்டு. சாட்சிகளாகக் கையொப்பமிட்டவர்களும் பெரும்பாலும் நெருங்கிய உறவினர்களே. இவை ஊகங்கள்தாம், வேறொரு சான்று கிடைக்கும்வரை பென்சிலால் எழுதி வையுங்கள்.

கேள்வி: 1995 இடப்பெயர்வில் எங்கள் வீட்டு உறுதிகள், பத்திரங்கள் அனைத்தும் தொலைந்துவிட்டன. இனி எதுவும் கிடைக்குமா?
– கரவெட்டியைச் சேர்ந்தவர், கனடா

பதில்: உங்கள் இழப்பு பல்லாயிரம் குடும்பங்களின் இழப்பு, ஆயினும் முயற்சியைக் கைவிடாதீர்கள். நொத்தாரிசு எழுதும் உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குச் செல்ல வேண்டும் என்பதால், வீட்டில் தொலைந்தது அங்கே இருக்கலாம். காணியின் பெயரும், கிராமமும், உத்தேசமான ஆண்டும் தெரிந்தால் தேடுதலுக்கு விண்ணப்பிக்கலாம். பக்கத்துக் காணிக்காரரின் உறுதியிலிருந்தும் உங்கள் காணியின் பெயரை அறியலாம்.

பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது. தொடக்க காலத்தில் எல்லோரும் பதியவில்லை. பிந்திய காலப் பிறப்புப் பதிவுகளில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றை நிரப்பும் கூடும் (கட்டமும்) உண்டு. ஆதலால் உங்களுடைய பத்திரத்தோடு நிற்காமல் உங்கள் தந்தையின் உடன்பிறந்தோர், அவர்களின் பிள்ளைகள் ஆகியோரின் பத்திரங்களையும் கேட்டு வாங்குங்கள். ஒருவருடையதில் வெறுமையாக விடப்பட்டது மற்றவருடையதில் நிரப்பப்பட்டிருக்கலாம்.

குடும்பத்தில் கிறிஸ்தவக் கிளை இருந்தால் தேவாலயப் பதிவேடுகளையும் விசாரியுங்கள். கிறிஸ்தவ சமயம் பரப்பிய அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்தது. அதன் பாடசாலைகளில் பயின்ற பலர் அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களைப் பெற்றனர். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையின் பெயர் பலரும் அறிந்தது. ஒரே மனிதர் உறுதியில் தமிழ்ப் பெயரோடும் பதிவேட்டில் ஆங்கிலப் பெயரோடும் இருந்தால், இருவரென்று எண்ணிவிட வேண்டாம்.

கேள்வி: ஒல்லாந்தர் காலத் தோம்புகளில் எங்கள் மூதாதையரைக் காண முடியுமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: தோம்புகள் எனப்படும் காணி, குடிப் பதிவேடுகள் உள்ளிட்ட எஞ்சிய ஒல்லாந்தர் கால ஆவணங்கள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் உள்ளன. அவை ஒல்லாந்த மொழியில் கையால் எழுதப்பட்டவை. நிலத்தையும் வரியையும் ஊழியத்தையும் (கட்டாய உழைப்பையும்) கணக்கிட எழுந்தவை என்பதால் மனிதர்களைச் சாதிவாரியாகக் குறிப்பவை. அவற்றில் வரும் வேலன், கந்தன் போன்ற பெயர்கள் ஊரெங்கும் பலருக்கு இருந்தவை. தோம்புக்கும் உங்கள் பழைய உறுதிக்கும் இடையிலான தலைமுறைகளை ஒவ்வொன்றாகச் சான்றோடு இணைக்காமல், பெயரொற்றுமை ஒன்றைக் கொண்டு உரிமை கோர வேண்டாம்.

கேள்வி: பூட்டனாரின் திதி வெண்பாவில் ‘விளம்பி’ வருஷம், மாசி மாதம் என்று உள்ளது. ஆங்கிலத் தேதியை எப்படி அறிவது?
– வாசகி, நல்லூர்

பதில்: ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பி வரும். விளம்பி 1898, 1958, 2018 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் பிறந்தது. மாசி மாதம் என்பதால் நீங்கள் தேட வேண்டியது 1899 அல்லது 1959இன் பெப்ரவரி, மார்ச் நாள்கள். இரண்டில் எது என்பதைப் பிள்ளைகளின் வயது காட்டிவிடும். பூர்வபக்கமா (வளர்பிறையா), அபரபக்கமா (தேய்பிறையா) என்பதையும் திதியையும் வெண்பாவிலேயே பார்த்து, அவ்வாண்டுப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிடுங்கள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில வேளைகளில் வேறுபடும் என்பதால், குடும்பம் எதைப் பின்பற்றியது என்று கேட்டு, அதனையும் தேதிக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.