ஸ்டீயரிங் உதறினால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: என் காரில் ஸ்டீயரிங் நடுங்குகிறது. வீட்டிலேயே சரிசெய்ய வழி சொல்லுங்கள்.

ப: எந்த வேகத்தில் நடுங்குகிறது? பிரேக் மிதிக்கும்போதா, மிதிக்காதபோதா? காரின் வயது, மாடல், வாங்கிய கதை எல்லாம் எழுதிய நீங்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டீர்கள். கவனித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கே: 80 கி.மீ. தாண்டினால் உதறல் தொடங்குகிறது, 110-க்கு மேல் அடங்குகிறது. போன மாதம்தான் அலைன்மென்ட் செய்தேன். இன்னொரு முறை செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

ப: செய்யாதீர்கள். பல ஆண்டுகளாக இதையே எழுதி வருகிறேன், இன்னும் எழுதுவேன். அலைன்மென்ட் என்பது சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது. அது தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். உதறல் வராது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து, அதைத் தாண்டினால் அடங்கும் உதறல் பெரும்பாலும் பேலன்சிங் கோளாறுதான், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லாததுதான். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, தேவையில்லாத வேலைக்குப் பணம் வாங்குவது எனக்கு ஆறாத கோபம்.

சின்ன எடைதானே என்று நினைக்க வேண்டாம். ரிம் விளிம்பில் 30 கிராம் குறைந்தால், 100 கி.மீ. வேகத்தில் கிட்டத்தட்ட 5 கிலோ விசை சக்கரத்தை இழுக்கும். அதுவும் நொடிக்கு 15 முறை. பட்டறைக்குப் போகும் முன் முன்சக்கரங்களைக் கழற்றி ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். நான் பார்த்த ஒரு சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் கைப்பிடியளவு சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டிக் கழுவியதும் உதறல் போய்விட்டது. இன்னொன்றில் அழுக்குக்கு நடுவே விரல் அகலத்துக்கு ஒரு சுத்தமான கட்டம். எடையைச் சமமாக்க ரிம்மில் வைத்த எடைத்துண்டு விழுந்துபோன இடம் அது. அதற்கு மட்டும் பேலன்சிங் மெஷின் வேண்டும். சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், தூக்கிய வண்டியைத் தாங்க அடியில் ஸ்டாண்டு வையுங்கள்.

கே: பேலன்சிங் செய்தும் உதறல் குறையவில்லை.

ப: நான்கும் ஒரே அளவு டயர் என்றால், முன்சக்கரங்களை அதே பக்கத்தின் பின்புறத்துக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கை விட்டு இருக்கைக்கு வந்தால் கோளாறு அந்த டயரிலோ ரிம்மிலோ இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் வீக்கம் தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். வெளியில் வாங்கிய அலாய் வீல் என்றால், ஹப்புக்கும் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ரிம்மின் நடுத்துளைக்கும் இடையில், ரிம்மை நடுவில் நிறுத்தும் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: பிரேக் மிதித்தால் மட்டும் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டதா?

ப: எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. புது டிஸ்க் போடும் முன் ஹப் முகத்தில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். அந்தத் துருவின் மேல் போட்டால் புது டிஸ்க்கும் கோணலாகத்தான் உட்காரும். நட்டுகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்குங்கள். சிறிய கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டர் வாக்கில் இருக்கும். உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் உண்டு. ஸ்பேனர் மேல் ஏறி மிதித்து முறுக்குகிறவர்கள் உடனே நிறுத்துங்கள். ஸ்டாண்டு மறக்க வேண்டாம்.

கே: இரண்டு வாரம் நின்ற வண்டி, முதல் சில கிலோமீட்டர் உதறிவிட்டுச் சரியாகிவிடுகிறது.

ப: தரையில் அழுந்திய இடம் தட்டையாகியிருக்கிறது. டயர் சூடானால் சரியாகும். காற்றழுத்தத்தைப் பாருங்கள்.

கே: வேகம் பிடிக்கும்போது மட்டும் நடுங்குகிறது, ஆக்சிலரேட்டரை விட்டால் நின்றுவிடுகிறது.

ப: முன்சக்கர இயக்க வண்டியாக இருந்தால் உள்பக்க டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) ஜாயின்ட்டைச் சந்தேகியுங்கள். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கே: ஜாக்கியில் தூக்கி முன்சக்கரத்தை ஆட்டினால் ‘டக்’ என்று சத்தம் வருகிறது. ஓட்டலாமா?

ப: ஸ்டாண்டு வைத்தீர்களா? இல்லையென்றால் முதலில் வையுங்கள். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்டு, அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை. மேலும் கீழும் பிடித்தால் தெரிகிறது என்றால் பால் ஜாயின்ட் (சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டு) அல்லது சக்கர பேரிங். எதுவானாலும் மாற்றும்வரை அந்த வண்டியை ஓட்டாதீர்கள். பட்டறைக்கும் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.