படிப்பை நிறுத்தினால் உதவித்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?

கேள்வி: ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகையை நம்பி என் மகளைத் தனியார் கல்லூரியில் பி.இ. சேர்த்தேன். முதலாண்டு ஜனவரியில் மஞ்சள் காமாலை வந்து படுத்தவள் தேர்வு எழுதவில்லை. இப்போது பொறியியலே வேண்டாம், பி.எஸ்சி. சேர்கிறேன் என்கிறாள். உதவித்தொகை மார்ச்சில்தான் அவள் கணக்கில் ஏறியது. அது மருத்துவச் செலவில் கரைந்துவிட்டது. ‘அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும்’ என்று கல்லூரி 60,000 ரூபாய் கேட்கிறது. தராவிட்டால் சான்றிதழ்கள் கிடையாதாம். 8,000 ரூபாய் கொடுத்தால் துறையில் ‘தடையில்லாச் சான்று’ வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 8,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் வாங்கித் தருவதாகச் சொல்வது உங்களிடம் யாருமே கேட்காத காகிதம். ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலக வாசலில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. உள்ளே இருப்பவர்கள் ஒரு மனுவுக்கு ஒழுங்காகப் பதில் போட்டால் இவர்கள் பிழைப்பு அன்றே முடிந்துவிடும்.

பணத்துக்கு வருகிறேன். இத்திட்டத்தின் மத்திய வழிகாட்டு நெறிமுறையில் இதற்கென ஒரு விதி உண்டு: கல்வியாண்டின் நடுவே படிப்பை விட்டுவிட்டால், மாநில அரசு முடிவு செய்தால், மாணவர் தொகையைத் திருப்பித் தர வேண்டும். முடிவு செய்ய வேண்டியது அரசு. கல்லூரி முதல்வருக்கு அந்த வேலை இல்லை. மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலரிடமிருந்து தொகையும் காரணமும் குறித்த எழுத்துப்பூர்வமான ஆணை வந்தால் மட்டுமே அது நீங்கள் கட்ட வேண்டிய பணம். அப்போதும் அரசுக் கணக்கில்தான் கட்ட வேண்டும். கல்லூரிக் காசாளரிடம் அல்ல.

கல்லூரிகள் இங்கேதான் இரண்டு கணக்கை ஒன்றாகக் குழப்புகின்றன. உதவித்தொகையில் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு நேரடியாக மாணவியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதில் மாணவியின் சொந்தச் செலவுக்கான பராமரிப்புப் பணமும் உண்டு, கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டிய கட்டணமும் உண்டு. உங்கள் மகள் ஜனவரி வரை வகுப்புக்குப் போயிருக்கிறாள். ஆகவே அந்த ஆண்டுக் கட்டணத்தைக் கல்லூரி கேட்டால் அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அது கல்லூரிக்கான கட்டண பாக்கி, அரசுக்கான திருப்பிச் செலுத்தல் அல்ல. 60,000 என்பது எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். வங்கிப் பாஸ்புத்தகத்தில் மார்ச் மாத வரவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஜூலையில் கட்டணம் கேட்கும் கல்லூரிக்கும் மார்ச்சில் பணம் போடும் அரசுக்கும் நடுவில் ஏழைக் குடும்பம்தான் கடன்காரனாக நிற்கிறது. இதைச் சரிசெய்ய எந்த அரசுக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒன்றைக் கேட்காமல் விட முடியவில்லை. மகள் ‘படிப்பிலிருந்து விலகுகிறேன்’ என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டாளா? இல்லையென்றால் ஒரு வாரம் பொறுங்கள். நோயினால் ஆண்டுத் தேர்வு எழுத முடியாமல் போனவருக்கு அடுத்த ஆண்டும் உதவித்தொகையைப் புதுப்பிக்க அதே நெறிமுறை இடம் தருகிறது. மருத்துவச் சான்று வேண்டும். தேர்வு எழுதியிருந்தால் தேர்ச்சி பெற்றிருப்பார் என்று கல்லூரித் தலைவர் சான்றளிக்கவும் வேண்டும். அதுவரை வாங்கிய மதிப்பெண்கள் சுமாராக இருந்தாலும் கேட்டுப் பார்க்கலாம். அவள் மனம் மாறி அதே படிப்புக்குத் திரும்பினால்தான் இந்த விதி நேரடியாக உதவும். மாறாவிட்டாலும் மருத்துவமனைச் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். விருப்பப்பட்டு விட்டவள் அல்ல, நோயால் விட்டவள் என்பதற்கு அவைதான் சாட்சி. திருப்பிக் கேட்பதா வேண்டாமா என்று அலுவலர் முடிவெடுக்கும்போது அந்த வேறுபாடு கணக்கில் வரும்.

சான்றிதழ்களை நிறுத்திவைப்பது தவறு. பணம் வசூலிக்க அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் இதைக் கண்டித்திருக்கிறது. பாக்கி இருந்தால் கல்லூரி நீதிமன்றத்துக்குப் போகட்டும்; பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் அடகுப் பொருள் அல்ல.

இன்னொரு பொறி. ‘வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போடு, மிச்சப் பணமும் வந்துவிடும்’ என்று கல்லூரியிலோ வெளியிலோ யாராவது ஆசை காட்டினால் மகளை அங்கிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள். பொய்த் தகவலால் பெற்ற உதவித்தொகை ரத்தாகும், பணம் திரும்ப வசூலிக்கப்படும், எந்த உதவித்தொகையும் இனிக் கிடைக்காதபடி பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும். அப்புறம் பி.எஸ்சி.க்கு எதைக் கேட்பாள்?

இன்றே கல்லூரி முதல்வருக்கும் மாவட்ட நல அலுவலருக்கும் தனித்தனிக் கடிதம் எழுதி, சேர்ப்புச் சான்று கேட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். எந்தத் தேதியிலிருந்து, ஏன் வகுப்புக்குப் போகவில்லை, கணக்கில் எவ்வளவு வந்தது ஆகிய மூன்றும் இருந்தால் போதும். விலகுவது உறுதியென்றால், அலுவலர் கடிதத்தில் புதிய படிப்பையும் குறிப்பிட்டு, பழைய உதவித்தொகைப் பதிவை முடித்துவைக்கக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன், ‘என் மகளிடமிருந்து தொகையைத் திரும்பப் பெற ஆணை பிறப்பிக்கப்பட்டுள்ளதா, அதன் நகல் தேவை’ என்று அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். அவர் 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். அதுவரை கல்லூரிக்கு ஒரு ரூபாய் கட்டுவதானாலும், எந்தக் கட்டணத்துக்கு என்று எழுதிய ரசீது இல்லாமல் கட்டாதீர்கள்.