காரைக்குடிப் பக்கம் உருளைக்கிழங்கு போட்டால் ஆண்டு முழுவதும் அறுவடை எடுக்க முடியுமா?

சென்னை வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பப் போவதாகவும், காரைக்குடி அருகே இரண்டு ஏக்கர் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஆண்டு முழுவதும் முடியாது. ஒரே ஒரு போகம், அதுவும் சிறிய அளவில், முடியும். இதே ஆசையோடு ஊர் திரும்பியவன் நான் என்பதால் இந்தக் கேள்வியைக் கடந்து போக மனம் வரவில்லை.

எனக்குப் புதுவயல் பக்கம். ஒன்பது ஆண்டுகள் நீலகிரியில், கேத்திப் பள்ளத்தாக்கில், ஒரு கிழங்குத் தோட்டத்தில் கணக்கு எழுதினேன். கணக்கு எழுதுகிறவனுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள் உண்டு. எந்தப் பாத்தியில் எத்தனை மூட்டை விதை இறங்கியது, எத்தனை மூட்டை ஏறியது என்பதை ஒவ்வொரு போகமும் என் கையால்தான் எழுதினேன். ஆள் குறைந்த நாட்களில் மண்வெட்டியும் பிடித்திருக்கிறேன்.

அங்கே மூன்று போகம். கோடை மழையை நம்பி ஏப்ரல் வாக்கில் நடுவது கார்போகம். அதுதான் பெரியது. ஆனால் ஆடியில் மூடுபனியும் சாரலும் விடாமல் பிடித்தால் இலைக்கருகல் வந்துவிடும்; நேற்றுப் பச்சையாக இருந்த தோட்டம் நாலே நாளில் வெந்த கீரை போலக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகஸ்ட், செப்டம்பரில் நடுவது கடைபோகம். அதற்கு மார்கழி உறைபனி எமன். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் பாய்ச்சி நடுவது நீர்போகம். நீங்கள் எங்கோ படித்த "ஆண்டு முழுவதும்" என்பது இந்த மலைக் கணக்காகத்தான் இருக்கும்.

கிழங்கு எடுக்கும் நாளை அங்கே ஒரு வயதான அக்காதான் சொல்வார். தண்ணீரை நிறுத்தி, கொடியை அறுத்துப் போட்டு, பத்து நாள் கழித்து ஒரு குத்தைத் தோண்டுவார். கிழங்கைப் புடவை முந்தானையில் துடைத்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பார். தோல் உரிந்து வந்தால், "இன்னும் நாலு நாள் போகட்டும் தம்பி" என்று அதைத் திரும்ப மண்ணில் புதைத்து மூடிவிடுவார். தோல் கட்டாத கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போவதற்குள் மூட்டையிலேயே கறுத்துவிடும்.

ஊருக்கு வந்து இருபது சென்டில் போட்டுப் பார்த்தேன். விதை நீலகிரியிலிருந்து கொண்டுவரவில்லை, நீங்களும் கொண்டுவராதீர்கள். 1961-இல் அங்கே உருளையின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு கண்டறியப்பட்டது. அந்தப் புழுவின் முட்டைக்கூடு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அதனால்தான் அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கட்டுப்பாடு இருக்கிறது. நான் ஒரு வியாபாரியிடம் வடநாட்டு விதை என்று ஆறு மூட்டை வாங்கினேன். குளிர்பதனக் கிடங்கில் கிடந்த சமையல் கிழங்கை விதை என்று கொடுத்திருக்கிறார். பாதி முளைக்கவே இல்லை. முளை விட்டு, கண் தெளிவாகத் தெரிகிற, முட்டை அளவுக் கிழங்கை முழுசாக நடுங்கள். வெட்டி நட்டால் நம் மழை ஈரத்தில் அழுகிவிடும்.

நான் நட்டது கார்த்திகை பிறந்து மழை ஓய்ந்த ஓர் இடைவெளியில். சரளை கலந்த செம்மண் என்பதால் செடிக்கு மண் அணைக்கும்போதெல்லாம் கல் பொறுக்க வேண்டியிருந்தது. செடி அழகாகத்தான் வந்தது. ஆனால் உருளைக்கு மண்ணை விட இரவுக் குளிர் முக்கியம். இரவில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் கிழங்கு நன்றாக வைக்கும். நமக்கு மார்கழியிலும் தையிலும்தான் இரவு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. மாசியில் வெயில் ஏறியதும் செடி தழையைத்தான் வளர்த்தது.

முதல் குத்தைத் தோண்டும்போது அப்பத்தா வரப்பில் உட்கார்ந்திருந்தார். கோழி முட்டை அளவில் நான்கு, கொட்டைப்பாக்கு அளவில் ஏழெட்டு. அப்பத்தா பாக்கு அளவுக் கிழங்குகளை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு, "வறுவலுக்கு இதுதானப்பா ருசி" என்றார். மொத்தம் பதினோரு மூட்டை. போட்ட காசு வரவில்லை. ஆனால் இந்த மண்ணில் விளையவே விளையாது என்று சொன்னவர்களுக்கு என்னிடம் பதினோரு மூட்டை பதில் இருந்தது. வேளாண்மை படித்தவர்கள் இதை மறுக்கலாம். நான் என் இருபது சென்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சொல்லாமல் இருக்க முடியாத இன்னொன்று. எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் மேல் மண்ணைக் கொட்டி மனை போட்டு விற்றிருக்கிறார்கள். மூன்று முறை மனுக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் ரசீது வந்தது. மண்ணை அள்ள ஆள் வரவில்லை. நல்ல மழை பெய்த ஆண்டிலும் கண்மாய் பாதிதான் நிறைந்தது. எங்கள் ஐயா காலத்தில் மாசி வரை மடை திறந்திருக்கும் கண்மாய் அது. நெல்லுக்கே தண்ணீர் இல்லை என்றால் கிழங்கைப் பற்றி என்ன பேசுவது? நிலம் வாங்குகிறவர்கள் தயவுசெய்து அது வரத்துக்காலா என்று கிராமப் புலப்படத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

உங்கள் இரண்டு ஏக்கரில் நிலக்கடலையைப் போடுங்கள். உருளைக்கு ஐந்து சென்ட் ஒதுக்குங்கள், கிணறு அருகில் இருந்தால் மட்டும். நானும் வருகிற கார்த்திகையில் ஐந்து சென்ட்தான் போடுகிறேன். அப்பத்தா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.