ஊசி வேண்டாம் என்றால்? நாலு கேள்விகள்

கோத்தகிரி அம்மா: மூத்தவனுக்கு ஆட்டிசம். இளையவளுக்கு ஒன்பது மாதம், தட்டம்மை–ரூபெல்லா ஊசிக்கு நர்ஸம்மா கூப்பிடுகிறார். "ஒருத்தன் இப்படி ஆனது போதும்" என்கிறார் மாமியார்.

போடுங்கள். 1998-இல் லண்டன் டாக்டர் வேக்ஃபீல்டும் சிலரும் வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் கிளம்பியதுதான் தட்டம்மை சேர்ந்த ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற புரளி. 2010-இல் கட்டுரையை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே அதைத் திரும்பப் பெற்றது, அவருடைய டாக்டர் பதிவும் பறிபோனது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளைப் பார்த்து 2019-இல் தொடர்பில்லை என்றார்கள், அதில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்த பிள்ளைகளும் உண்டு. ஊசி போடும் வயதும் ஆட்டிசம் கண்ணில் படும் வயதும் பக்கத்துப் பக்கத்தில் வருவதால் வந்த குழப்பம். சரி, அது அறிவியல். என்னை உறுத்துவது மாமியாரின் வார்த்தை. தட்டம்மையில் பிள்ளை போனாலும் போகட்டும், இவனைப் போல் ஆகிவிடக்கூடாது என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது, அதை மூத்தவனும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான், சரியாகப் பேச வராத பிள்ளைக்குக் காது இல்லையா என்ன?

குன்னூர், வயது 58: இளம்பிள்ளை வாதத்தில் கால் சூம்பியவன் நான். சொட்டு மருந்து விழா மேடையில் வந்து நிற்கச் சொல்கிறார்கள்.

எதற்காக நிற்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். "பாருங்கள், இப்படி ஆகிவிடும்" என்று காட்டத்தான் என்றால் போகாதீர்கள். டாக்டர்கள் நாங்கள் வருஷக்கணக்காகச் செய்த தப்பு இது. என் கிளினிக் சுவரிலும் காலிப்பர், அதாவது காலைத் தாங்கும் கருவி, போட்ட பையன் படம் தொங்கியது. காலிப்பர் போட்ட பையன் ஒருவன் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அன்றைக்குத்தான் கழற்றினேன். சொட்டு மருந்து ஜெயித்துவிட்டது, 2014-இல் போலியோ இல்லாத நாடு என்று நமக்குச் சான்றே கிடைத்தது, அதைச் சொல்ல உங்கள் கால் எதற்கு? மைக் கொடுத்தால் மட்டும் போங்கள். சுகாதார நிலையத்துக்கு ஏறிப்போக ஏன் படிக்கட்டு மட்டும் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஊட்டி ஆசிரியர்: வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை. இன்னொரு வீட்டில் ஊசியே போடமாட்டோம் என்கிறார்கள், கோர்ட்டே சொல்லிவிட்டதாம்.

யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போடக்கூடாது என்று 2022 மே மாதம் கொரோனா ஊசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். மற்றவர்களின் நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது, வாட்ஸப்பில் அந்தப் பாதி வராது! சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு உயிருள்ள கிருமி சேர்ந்த தட்டம்மை ஊசியைப் போட முடியாது. சுற்றியிருப்பவர்களில் நூற்றுக்கு 95 பேராவது போட்டிருந்தால்தான் அதற்குப் பாதுகாப்பு. மறுக்கிற வீட்டுப் பிள்ளையை நிரந்தரமாக விரட்ட வேண்டாம், முடிவெடுத்தது அது இல்லையே. ஆனால் ஊரில் தட்டம்மை தலைகாட்டினால் வீட்டில் இருக்க வேண்டியது அந்தப் பிள்ளைதான். நடப்பது தலைகீழ், "உன் நல்லதுக்குத்தான்" என்று நோயாளிப் பிள்ளையைத்தான் அனுப்பிவிடுகிறோம்.

கூடலூர்: மகளுக்கு 22 வயது, அறிவுசார் குறைபாடு. ஊசியைக் கண்டால் ஓடுகிறாள். நாலு பேர் பிடித்துப் போடலாமா?

வேண்டாம். ஓடுவதும் ஒரு பதில்தான். மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி, அதாவது தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை, அவளுக்கும் உண்டு என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம். பயம் ஊசி மேலா, வெள்ளைக் கோட்டு மேலா, கூட்டத்தின் மேலா என்று பாருங்கள். கூட்டமில்லாத மத்தியானமாக ரெண்டு தடவை சும்மா கூட்டிப்போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், அப்புறம் கேளுங்கள். நாய் கடித்திருந்தால் மட்டும் கதை வேறு, அன்றைக்கே போட்டாக வேண்டும். அந்த ஊசிக்காகத்தானே 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனமே வந்தது.