புது வாத்து, பழைய பட்டி: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: சந்தையில் 4 வாத்து வாங்கி, அன்று மாலையே பழைய ஆறோடு சேர்த்துவிட்டேன். எட்டாம் நாள் பழையவற்றில் இரண்டு செத்தன, மறுநாள் இன்னொன்று. புதியவை நான்கும் நன்றாக மேய்கின்றன. விற்றவர், "என் உருப்படிக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா? (செய்யாறு)

பதில்: புதியவை நன்றாக இருப்பதை வைத்து அவை நோயைக் கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட முடியாது. வாத்து பிளேக் வந்து பிழைத்த பறவை அந்த வைரஸை உடம்பில் வைத்துக்கொண்டே வாட்டசாட்டமாகத் திரியும். எச்சத்திலும் குடிக்கும் தண்ணீரிலும் கிருமியை விடும். தொற்றிய வாத்து 3 முதல் 7 நாளில் படுத்துவிடும். உங்கள் கணக்கு அதற்குப் பொருந்துகிறது. ஆனால் வாத்துக் காலராவும் இதே போலத் திடீரென்று கொல்லும். பறவைக் காய்ச்சலையும் ஒதுக்கிவிட முடியாது. எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

இனி ஒன்று செத்தால் வீட்டில் அறுக்காதீர்கள், சமைக்கவும் கூடாது. இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்து, அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஃபிரீசரில் உறைய வைத்தால் திசு சிதைந்து பரிசோதனை கெடும்.

பணம் கிடைப்பது கடினம். ரசீது இல்லை, பரிசோதனை அறிக்கையும் இல்லை. மூன்று வாத்து போனதற்கு வருந்துகிறேன், ஆனால் வந்த அன்றே சேர்த்தது உங்கள் தவறு. புதியதை 4 வாரம் தனியே வைக்க வேண்டும். முடிந்தவரை தள்ளி, பழைய பட்டியின் தண்ணீர் வழிந்து வராத இடமாக, தனித் தொட்டி, தனித் தட்டு, தனிச் செருப்போடு. தீனி போடும்போது பழையதற்கு முதலில், புதியதற்குக் கடைசியில். வாத்து பிளேக் தடுப்பூசி வழக்கமாக 8 முதல் 12 வார வயதில் போடுவது. போட்ட விவரம் எழுத்தில் இருக்கிறதா என்று விற்பவரைக் கேளுங்கள். வந்தது வாத்து பிளேக் என்றால், உங்கள் பழைய பட்டிக்குப் போட்டிருந்தால் மூன்றைப் பறிகொடுக்காமல் இருந்திருக்கலாம்.

கேள்வி: இரண்டில் ஒன்று செத்துவிட்டது. துணைக்கு ஒரே ஒரு குஞ்சு வாங்கி விடலாமா? (ஆரணி)

பதில்: கூடாது. குஞ்சு அடிபட்டே சாகும். வளர்ந்த பெட்டையாக இரண்டு வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் 1 ஆண், 3 பெட்டை. இன்னும் 2 பெட்டை கேட்டுப் போனேன். "ஜோடியாகத்தான் கொடுப்பேன்" என்று இரண்டு ஜோடியைத் தலையில் கட்டிவிட்டார். இப்போது பெட்டைகளுக்குப் பின்தலை இறகெல்லாம் போய்விட்டது. (திண்டிவனம்)

பதில்: இந்த ஜோடி வியாபாரத்தைப் பற்றி இங்கே எத்தனை முறை எழுதினாலும் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. வாத்து புறா இல்லை, அதற்கு ஜோடி தேவையில்லை. 5 அல்லது 6 பெட்டைக்கு ஓர் ஆண் போதும். முட்டை மட்டும் போதும், குஞ்சு வேண்டாம் என்றால் ஆணே வேண்டாம், பெட்டை தானாக முட்டை இடும். பொரிக்கும் குஞ்சில் ஏறக்குறையப் பாதி ஆண். முட்டைக்கு வளர்ப்பவரிடம் அந்த ஆண்கள் தேங்கிப்போகும். அவற்றைக் கறி விலைக்குத் தள்ளாமல் பெட்டை விலைக்குத் தள்ளும் வழிதான் ஜோடி. விற்பவருக்கு இது தெரியும். தெரிந்தே செய்கிறார்.

இப்போது உங்களிடம் 5 பெட்டைக்கு 3 ஆண். ஆண், பெட்டையின் பிடரியைக் கவ்வித்தான் ஏறும். இரண்டு மூன்று ஆண்கள் ஒரே பெட்டையை மாறி மாறிப் பிடித்தால் முதலில் இறகு போகும், பிறகு தோல் கிழியும். தண்ணீரில் நடந்தால் பெட்டை மூழ்கியே சாகும். இன்றே புது ஆண்கள் இரண்டையும் பிரித்து, பெட்டை கண்ணில் படாத இடத்தில் அடையுங்கள். ஆண்கள் மட்டும் சேர்ந்து பெரும்பாலும் சண்டையின்றி இருக்கும். கறிக்கு விற்பதும் உங்கள் விருப்பம். புண்பட்ட பெட்டையைத் தனியே வைத்து, உப்பு நீரில் கழுவி, போவிடோன் அயோடின் தடவுங்கள். இறகு முளைக்கும் வரை ஆணிடம் விடாதீர்கள்.

அடுத்த முறை வாங்கும்போது ஒவ்வொன்றையும் கையில் தூக்குங்கள். பயத்தில் கத்தும். உரக்க, தெளிவாகக் கத்தினால் பெட்டை. தொண்டை கட்டியது போல மெல்லக் கரகரத்தால் ஆண். 2 மாதத்துக்கு மேல் குரல் தெளிவாகப் பிரிந்துவிடும். வாலில் மேல்நோக்கிச் சுருண்ட இறகு இருந்தால் ஆண்தான். ஆனால் இறகு உதிர்க்கும் காலத்தில் அதுவும் விழுந்துவிடும், எனவே சுருள் இல்லை என்பதால் பெட்டை என்று நம்பாதீர்கள். மஸ்கவி வாத்துக்கு இந்த இரண்டு சோதனையும் பொருந்தாது. ஆண் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, முகத்தில் சிவப்புச் சதையும் அதிகம். விலையைத் தலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். ஜோடி விலை சொன்னால் அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

கேள்வி: "முட்டைக்கு வந்த வாத்து" என்று கூடுதல் விலை கொடுத்தேன். 12 நாளாக ஒரு முட்டை இல்லை. ஏமாந்துவிட்டேனா? (காஞ்சிபுரம்)

பதில்: இன்னும் சொல்ல முடியாது. இடம், தீனி, கூட்டம் மாறினால் முட்டை இடும் வாத்தும் 2, 3 வாரம் நிறுத்திவிடும். சில இறகையே உதிர்க்கும், அப்படியானால் இன்னும் தாமதமாகும். பின்பக்கம் இரு இடுப்பெலும்பு முனைகளுக்கு இடையே விரல் வைத்துப் பாருங்கள். 2, 3 விரல் போனால் முட்டை இடுகிற அல்லது அண்மையில் இட்ட வாத்து. ஒரு விரலே இறுகினால் முட்டையில் இல்லை. பருவத்துக்கு வராததாகவும் இருக்கலாம், ஓய்ந்ததாகவும் இருக்கலாம். கீழ் அலகு எளிதாக வளைந்தால் இளசு.

கேள்வி: அறுவடை வயலில் மேய்க்க வந்தவர் மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார். வாங்கலாமா? (உத்திரமேரூர்)

பதில்: வாங்கலாம், 4 வாரத் தனிமை இருந்தால். அந்த மந்தை பல ஊர் வயல், பல குளம் தாண்டி வந்தது, காட்டுப் பறவை இறங்கும் தண்ணீரில் நீந்தியது. வாத்து நோய் காட்டாமலே பறவைக் காய்ச்சல் வைரஸைச் சுமக்கும். ஆலப்புழை மாவட்டப் பட்டிகளில் 2014, 2021, 2024 ஆண்டுகளில் அந்தக் காய்ச்சல் வந்து வாத்துகளை அழிக்க வேண்டியிருந்தது. விலை மலிவாவது முட்டை ஓய்ந்த வாத்துக்குத்தான் என்பதையும் மறக்காதீர்கள். கீரி, சன்யாசி என்று நிறத்தைச் சொல்வார்கள். வயதைக் கேளுங்கள்.

கேள்வி: நான்கு வாரம் முடிந்தது. எப்படிச் சேர்ப்பது? (வந்தவாசி)

பதில்: முதலில் 7 முதல் 10 நாள், கம்பி வலைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமுமாக. கண்ணி அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம். நான் ஒருமுறை விலை குறைவென்று 2 அங்குலக் கண்ணி வாங்கி வீணாக்கினேன், இளம் வாத்து தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். தீனித் தட்டை வலையை ஒட்டி இருபுறமும் வையுங்கள், பக்கத்தில் பக்கத்தில் தின்று பழகட்டும்.

பிறகு காலையில், திறந்த வெளியில் வலையை எடுங்கள். இரவுக் கொட்டகையில் முதல் சந்திப்பு வேண்டாம், ஓட இடமிருக்காது. முதல் வாரம் கொட்டகைக்குள் தடுப்பு இருக்கட்டும். தட்டும் தண்ணீரும் வழக்கத்தைவிட ஒவ்வொன்று கூடுதலாக, 2 மீட்டர் இடைவெளியில். மூக்கு வரை முங்கும் ஆழம் தொட்டிக்குப் போதும். ஆழமான குளத்தை முதல் வாரம் மூடிவையுங்கள். கொட்டகையில் ஒன்றுக்கு 4 சதுர அடியாவது வேண்டும்.

இரண்டு மூன்று நாள் துரத்தல், இறகு கவ்வல் இயல்பு. இரத்தம், தண்ணீர்ப் பக்கமே விடாமை, நாள் முழுக்க மூலையில் நிற்றல் ஆகியவை இயல்பல்ல. அப்போது அடிபடுவதைப் பிரிக்காமல் அடிப்பதைப் பிரியுங்கள். 3, 4 நாள் கழித்து அது திரும்பும்போது அதன் அதிகாரம் குறைந்திருக்கும். குஞ்சாக வாங்கியிருந்தால் முழு இறகு வந்து, பழையவற்றின் உடல் அளவை நெருங்கும் வரை, அதாவது 8 வாரமாவது, காத்திருங்கள்.

கேள்வி: "எல்லாம் பெட்டை" என்று எழுதிக் காட்டி, முன்பணம் வாங்கி 20 குஞ்சு அனுப்பினார்கள். வளர்ந்தபின் 11 ஆண். இப்போது போனை எடுப்பதில்லை. (விழுப்புரம்)

பதில்: இது அப்பட்டமான மோசடி, விட்டுவிடாதீர்கள். விளம்பரப் படம், பணம் அனுப்பிய விவரம், உரையாடல் எல்லாவற்றையும் எடுத்துவையுங்கள். ஆண்களைத் தனியே நிறுத்திப் படமெடுத்து, எண்ணிக்கைக்குக் கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், உங்கள் ஊரிலேயே கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. குஞ்சு விலையோடு 11 ஆணுக்கும் போட்ட தீனிச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: புது வாத்துக்குப் பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தது. காய வைத்துப் போடலாமா? (மதுராந்தகம்)

பதில்: போடாதீர்கள். பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு காய்ச்சினாலும் காய வைத்தாலும் போகாது, வாத்துக் குஞ்சு அதற்கு மிக எளிதில் பலியாகும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகளைக் கொன்றதும் இதே பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்குத்தான். மலிவென்று எதையும் முகர்ந்துகூடப் பார்க்காமல் வாங்குவதை நிறுத்துங்கள்.

கேள்வி: தனிக் கொட்டகை இல்லை. புது ஆண் வாத்தைக் கோழிகளோடு அடைக்கலாமா? (போளூர்)

பதில்: வேண்டாம். பெட்டைக் கோழிமேல் ஏறினால் கோழிக்கு உள்காயம் ஏற்பட்டுச் சாகும். கொட்டகை கட்டிய பிறகு வாத்து வாங்குங்கள்.